வண்டி தாமதமா? திருப்பாதிரிப்புலியூர் நடைமேடையில் நின்றபடியே செய்ய வேண்டியவை

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கி தொடங்கியதும் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் பேச்சு நின்றுவிடும். வண்டி எண்ணைச் சொல்லி, தாமதத்திற்கு வருந்துவதாகக் குரல் முடிப்பதற்குள் பாதிப் பேர் கைப்பேசியை எடுத்திருப்பார்கள். மீதிப் பேர் டீக்கடைப் பக்கம் நகர்ந்திருப்பார்கள். நானும் பல ஆண்டுகள் டீக்கடைக் கட்சியில்தான் இருந்தேன்.

கட்சி மாறியது ஒரே இரவில். அம்மாவைச் சென்னையில் கண் மருத்துவரிடம் காட்டுவதற்காக மூன்று பேருக்கு முன்பதிவு செய்திருந்தேன். வண்டி மூன்று மணி இருபது நிமிடம் தாமதம். காத்திருந்தால் மருத்துவர் கொடுத்த நேரம் தவறிவிடும் என்று, நடக்கும் தூரத்தில் இருக்கும் பேருந்து நிலையத்துக்குப் போய் பஸ் ஏறிவிட்டோம். டிக்கெட் பணத்தை ஊர் திரும்பிய பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கேட்டேன், கிடைக்கவில்லை. முழுப் பணமும் பெற எனக்கு உரிமை இருந்தது. ஆனால் அதைக் கேட்பதற்கான நேரம், வண்டி எங்கள் நிலையத்தை விட்டுக் கிளம்பிய நொடியோடு முடிந்துபோயிருந்தது.

அந்தத் தவற்றை நீங்களும் செய்யாமல் இருக்க, கடலூர்க்காரர்களையும் புதுச்சேரிக்காரர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: எந்த நிலையம், எந்த எண், எந்தத் தேதி

கடலூரில் இரண்டு நிலையங்கள். ஊர்க்காரர்கள் திருப்பாப்புலியூர் என்று சொல்லும் திருப்பாதிரிப்புலியூர் ஒன்று. முதுநகரில் இருக்கும் கடலூர் துறைமுகம் சந்திப்பு மற்றொன்று. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம். எல்லா வண்டிகளும் இரண்டிலும் நிற்பதில்லை. முதல்முறை வரும் விருந்தாளிகள் ஆட்டோக்காரரிடம் 'கடலூர் ஸ்டேஷன்' என்று மட்டும் சொல்லி, தவறான இடத்தில் இறங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

டிக்கெட்டில் இருக்கும் ஐந்து இலக்க வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை நம்ப வேண்டாம். தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. தஞ்சாவூரில் இரவு கிளம்பும் வண்டி நம் ஊருக்கு நள்ளிரவு தாண்டி வரும். செயலியில் பார்க்கும்போது 'இன்று' என்பதைத் தொட்டால், இன்னும் கிளம்பவே இல்லாத அடுத்த வண்டியின் விவரம்தான் வரும். வண்டி அதன் முதல் நிலையத்திலிருந்து எந்தத் தேதியில் கிளம்பியதோ, அந்தத் தேதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 2: வண்டி இப்போது எங்கே

ரயில்வேயின் சொந்தச் செயலியான என்.டி.இ.எஸ்-தான் என் முதல் தேர்வு. கடைசியாகக் கடந்த நிலையம், எத்தனை நிமிடம் தாமதம், உங்கள் நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வரலாம் என்ற மூன்றும் ஒரே திரையில் கிடைக்கும். சாதாரணக் கைப்பேசி வைத்திருப்பவர்கள் 139 என்ற எண்ணை அழைக்கலாம். அல்லது ஆங்கிலத்தில் 'ஸ்பாட்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு வண்டி எண்ணைச் சேர்த்து அதே 139-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். 'வேர் இஸ் மை டிரெயின்' செயலி வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது அருமையாக வேலை செய்யும். செல்போன் கோபுரங்களை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பதால் இணையம் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஆனால் பணம் திரும்பக் கேட்கும் விஷயத்தில் ரயில்வேயின் கணக்குதான் செல்லும்.

படி 3: தாமதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். செயலி '50 நிமிடம் தாமதம்' என்று காட்டுவது, வண்டி கடைசியாகக் கடந்த நிலையத்தின் கணக்கு. உங்கள் நிலையத்துக்கு வரும்போது அது கூடியிருக்கலாம், குறைந்தும் இருக்கலாம்.

ஏன் கூடுகிறது? விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி, கடலூர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை போகும் 122 கிலோமீட்டர் பாதை 2010-ல் அகலப்பாதையானது. ஆனால் ஒற்றைப் பாதைதான். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று ஏதாவது ஒரு நிலையத்தில் ஒதுங்கி நின்றால்தான் மற்றது போக முடியும். இதை 'கிராசிங்' என்பார்கள். நேரத்துக்கு வரும் வண்டிக்கு எங்கே கிராசிங் என்பது முன்பே முடிவாகியிருக்கும். தாமதமான வண்டி அந்த ஒழுங்கிலிருந்து விலகிவிடுகிறது. சரியான நேரத்தில் ஓடும் வண்டிகளுக்கு வழிவிட்டு, ஆளில்லாத சிறிய நிலையத்தில் நின்றுகொண்டே இருக்கும். அரை மணித் தாமதம் ஒரு மணியாவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஏன் குறைகிறது? கால அட்டவணையிலேயே சில இடங்களில், குறிப்பாகக் கடைசி நிலையத்தை நெருங்கும்போது, கூடுதல் நிமிடங்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். தாமதமாக வந்த வண்டி அங்கே இழந்த நேரத்தைப் பிடித்துவிடும். செயலியைப் பார்த்துவிட்டு 'இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது' என்று வீட்டில் சாவகாசமாகத் தோசை சாப்பிட்டு வண்டியைத் தவறவிட்டவர்கள் உண்டு. அட்டவணை நேரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வண்டி கிளம்பலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுணுக்கம். சென்னையிலிருந்து திரும்பி வரும் பயணமா? எழும்பூருக்கு வந்து சேரும் பெட்டித் தொடரே பெரும்பாலும் சுத்தம் செய்யப்பட்டு மீண்டும் கிளம்பும். வந்து சேர வேண்டிய ஜோடி வண்டி எத்தனை மணி நேரம் தாமதம் என்று மதியமே பார்த்துவிட்டால், இரவு வண்டியின் கதை ஓரளவு தெரிந்துவிடும்.

படி 4: மூன்று மணி நேரக் கணக்கு

விதி இதுதான். நீங்கள் ஏற வேண்டிய நிலையத்தில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு *மேல்* தாமதமாகி, நீங்கள் பயணம் செய்யாமல் விட்டால், ரத்துக் கட்டணம் எதுவும் பிடிக்காமல் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தட்கல் டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். 2015-ல் வந்த கட்டணத் திருப்ப விதிகளில் இருப்பது. இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடம் என்றால் ஒன்றும் இல்லை.

நிபந்தனை, நான் கோட்டைவிட்டதுதான்: வண்டி உங்கள் நிலையத்தை விட்டு உண்மையில் கிளம்புவதற்கு முன் கேட்டுவிட வேண்டும்.

இணையத்தில் எடுத்த டிக்கெட் என்றால் டி.டி.ஆர். பதிவு செய்ய வேண்டும். 'டிக்கெட் டெபாசிட் ரெசிப்ட்' என்பதன் சுருக்கம் அது. சார்ட், அதாவது பயணிகளின் இறுதிப் பட்டியல், தயாரான பிறகு வழக்கமான ரத்துப் பொத்தான் வேலை செய்யாது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ரயில் டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் உள்நுழைந்து, 'மை அக்கவுண்ட்' பகுதியில் 'மை டிரான்சாக்‌ஷன்ஸ்', அதற்குள் 'ஃபைல் டி.டி.ஆர்.' என்று போங்கள். டிக்கெட்டில் இருக்கும் முன்பதிவு எண்ணான பி.என்.ஆர். எண்ணைத் தேர்ந்தெடுத்தால் காரணங்களின் நீண்ட பட்டியல் வரும். வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணி பயணம் செய்யவில்லை என்ற பொருள் தரும் வரியைத் தொடுங்கள். பயணிகளின் பெயருக்கு எதிரே குறியிட்டுச் சமர்ப்பியுங்கள். திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், என்.டி.இ.எஸ். காட்டும் தாமதத்தையும் சேர்த்து.

எப்போது பதிவு செய்வது என்பதில் ஒரு சாமர்த்தியம் வேண்டும். சீர்காழியில் மூன்று மணி பத்து நிமிடம் என்று காட்டும் வண்டி, நம் ஊருக்கு இரண்டு மணி ஐம்பதில் வந்துவிட்டால் கோரிக்கை விழுந்துவிடும். ரயில்வே தன் பதிவைப் பார்த்துத்தான் பணம் தரும். சென்ற மழைக்காலத்தில் தங்கையும் அவள் கணவரும் கிளம்பியபோது இதைச் செய்து பார்த்தோம். வண்டி சிதம்பரத்தைக் கடக்கும்வரை பொறுத்திருந்தோம். மூன்றேகால் மணி நேரத் தாமதம் அப்படியே இருந்தது. அங்கிருந்து நம் நிலையத்துக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம். மாப்பிள்ளை நடைமேடைத் தூணில் சாய்ந்தபடி கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, கண்ணாடி இல்லாமல் நான் காரணத்தைத் தேட, ஒருமுறை கடவுச்சொல் தவற, நாலாவது நிமிடத்தில் வேலை முடிந்தது. பிறகு அந்த வண்டி வந்து நின்று, விளக்கெரியும் எங்கள் காலி இருக்கைகளோடு கிளம்பிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பணம் வரும் என்று தெரிந்தும் மனம் கொஞ்சம் அடித்துக்கொள்ளத்தான் செய்தது.

கவுண்டரில் வாங்கிய அட்டை டிக்கெட் என்றால் இணையம் உதவாது. வண்டி கிளம்புவதற்குள் நிலையத்திலேயே டிக்கெட்டை ஒப்படைக்க வேண்டும். கவுண்டர் மூடியிருந்தால் நிலைய மேலாளரைப் பாருங்கள். எழுத்துமூலம் ரசீது வாங்காமல் டிக்கெட்டைக் கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: ஏறும் இடத்தைப் பிறகு மாற்றிக்கொண்டவர்களுக்கு, டிக்கெட்டில் முதலில் இருந்த புறப்படும் நிலையத்தின் தாமதம்தான் கணக்கு.

படி 5: ரத்து, வழிமாற்றம்

இது வேறு விதி. 2024 டிசம்பர் 2 அன்று, ஃபெங்கல் புயல் மழையில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதும், தென்மாவட்ட வண்டிகளில் சில ரத்தாகின, சில வேறு பாதையில் திருப்பிவிடப்பட்டன. அப்படி முழு வண்டியும் ரத்தானால் இணைய டிக்கெட்டின் பணம் தானாகவே திரும்பிவிடும், டி.டி.ஆர். தேவையில்லை. கவுண்டர் டிக்கெட்டை மூன்று நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். வண்டி பாதை மாறி உங்கள் நிலையத்துக்கே வராமல் போனால் மட்டும் டி.டி.ஆர். போட வேண்டும், அதற்கு 72 மணி நேரம் அவகாசம் உண்டு.

படி 6: வேறு வழியில் போவது

மூன்று மணி நேரத்தை எட்டாத தாமதத்தில் பணம் கிடைக்காது, நேரமும் போகும். கடலூரிலிருந்து பஸ்ஸில் விழுப்புரம் போய்விட்டால், திருச்சியிலிருந்து விருத்தாசலம் வழியாக வரும் நேர்ப்பாதையான கார்டு லைன் வண்டிகளும் கிடைக்கும். அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். பழைய டிக்கெட்டைக் காட்டி ஏற முடியாது. அவசரம் இல்லையென்றால் நான் காத்திருக்கவே சொல்வேன். படுத்துக்கொண்டு போகிற சுகம் பஸ்ஸில் இல்லை.

புதுச்சேரிக்காரர்கள் பலர் விழுப்புரத்தில் வண்டி மாறுகிறவர்கள். கடலூரிலும் அப்படிச் செய்வோர் உண்டு. முன்பதிவு செய்யும்போதே இரண்டு டிக்கெட்டுகளின் பி.என்.ஆர். எண்களையும் இணைத்துவிடுங்கள். 2019 ஏப்ரல் முதல் இந்த வசதி இருக்கிறது. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், போகாத பகுதிக்கான பணம் பிடித்தமின்றிக் கிடைக்கும். மாறும் நிலையத்துக்கு வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும். இணைக்காமல் தனித்தனியாக எடுத்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

படி 7: வண்டிக்குள் மாட்டிக்கொண்டால்

ரயில் மதத் செயலியிலோ 139-லோ புகார் செய்யலாம். தண்ணீர் இல்லை, ஏசி வேலை செய்யவில்லை, ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை என்றால் பலன் இருக்கிறது. 'வண்டி ஏன் நிற்கிறது' என்று கேட்பதற்கு அது இடமில்லை.

படி 8: பெரிய இழப்பு என்றால்

தாமதத்தால் விமானமோ தேர்வோ தவறிப்போனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அஜ்மீர்–ஜம்மு எக்ஸ்பிரஸில் போன ஒரு குடும்பத்தின் வழக்கு இதற்கு நல்ல முன்னுதாரணம். 2016 ஜூனில், காலை 8.10-க்கு ஜம்மு போய்ச் சேர வேண்டிய வண்டி நண்பகலில் சேர்ந்தது. அவர்கள் ஸ்ரீநகர் விமானமும் நண்பகலுக்குத்தான். டாக்சிக்கு 15,000 ரூபாய் கொடுத்துப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2021 செப்டம்பரில் பயணிக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. தாமதம் தன் கட்டுப்பாட்டை மீறியது என்று ரயில்வே நிரூபிக்காவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே புயல் வெள்ளத்தால் நின்ற வண்டிக்கு வழக்குப் போட்டு அலைய வேண்டாம்.

டிக்கெட், தாமதத் திரையின் படம், டாக்சி ரசீது, தவறிய விமானத்தின் டிக்கெட் ஆகியவற்றை அன்றே எடுத்து வையுங்கள். செயலி பழைய ஓட்டங்களைச் சில நாள்களுக்குத்தான் காட்டும். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை.

பணம் எப்போது வரும்

டி.டி.ஆர். பணம் உடனே வராது. இரண்டு மாதம்கூட ஆகலாம். எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ அதற்கே திரும்பும். ஐ.ஆர்.சி.டி.சி. வாங்கும் வசதிக் கட்டணம் மட்டும் திரும்பாது. தங்கையின் டிக்கெட்டை என் கணக்கிலிருந்துதான் எடுத்திருந்தேன். நான் மறந்தே போயிருந்த ஒரு மாலையில் வங்கிக் குறுஞ்செய்தி வந்தது. கண் அறுவை முடிந்து இப்போது எல்லாவற்றையும் தெளிவாகப் படிக்கும் அம்மாதான் அதை முதலில் பார்த்தார். குறைந்திருந்த சில ரூபாய் எங்கே என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.