சினாக்ரிஸ் குளவிக்கூட்டை உடைக்காமல் கவனிப்பது எப்படி

ஐவரி கோஸ்ட், கானா, கேமரூன் காட்டுப்பக்கம் பெரிய மண்கூடு ஒன்றைப் பார்த்ததும் கை உளியைத் தேடும். தேட வேண்டாம். சினாக்ரிஸ் கொர்னூட்டா என்ற ஆப்பிரிக்க மண்கூட்டுக் குளவி இனத்தில் பார்க்க வேண்டியதே தாய்க்குளவி அறைக்குள் போய்வரும் அழகுதான். கூட்டை உடைத்தால் அது போச்சு.

முதலில் கூடு யாருடையது என்று உறுதி செய்யுங்கள். நூல் போல இடுப்பு மெலிந்து, சிலந்தியைத் தூக்கி வந்தால் அது ஸ்கெலிஃப்ரான் என்ற வேறொரு மண்கூட்டுக் குளவி. சினாக்ரிஸுக்கு உடல் தடிமன், உட்காரும்போது இறக்கையை நீளவாக்கில் மடித்துக்கொள்ளும், கொண்டுவருவது கம்பளிப்புழு.

தாயைப் பூச்சிவலையில் பிடித்துக் குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியில் சில நிமிடம் வையுங்கள். அசைவு குறைந்ததும் முதுகில் பெயின்ட் பேனாவால் குண்டூசித் தலையளவு ஒரு புள்ளி. மை இறக்கையடியில் வழிந்தால் பறக்க முடியாது, ஆகவே ஊசிமுனையால் வைப்பது நல்லது. நிழலில் விடுங்கள், தானாகச் சூடேறிப் பறக்கும்.

பிறகு ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, வந்த நேரம், போன நேரம், வாயில் இருந்தது என்ன என்று எழுதுங்கள். முழுப்புழுவை வரிசையாக அடைத்து உடனே மண் பூசினால் அது மொத்தமாக இரை வைக்கும் இனம். சினாக்ரிஸ் காலிடா அப்படித்தான். கொர்னூட்டா வாசலைத் திறந்தே வைத்து, கம்பளிப்புழுவை மென்று கூழாக்கி உள்ளே வளரும் தன் குஞ்சுக்கு நாள்தோறும் ஊட்டும். புழுவைக் கொட்டிக் கொட்டியே குளவியாக்குகிறது என்று நம்மூரில் சொல்வார்களே, இதைப் பார்த்தால் அந்தப் பேச்சு எப்படிப் பிறந்திருக்கும் என்று புரியும்.

தாய் வெளியே போனபின், பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியால் அறைக்குள் பாருங்கள். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். குளவிகளுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கண்ணாடி விளிம்பில் இடித்தால் ஈரமண் உதிர்ந்து, அன்றைய கணக்கே கெடும்.

வாசல் அடைபட்ட அறைமேல் மெல்லிய வலைத்துணியைத் தொளதொளவென்று கட்டிக் காலை, மாலை பாருங்கள். பாலிதீன் கூடாது, வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பச்சை நீலமாய் மின்னும் குளவி வெளிவந்தால் அது ஒட்டுண்ணி, உங்கள் தவறில்லை. ஆண் வந்தால், தாடையிலிருந்து நீளும் தந்தத்தை வெர்னியர் அளவுகோலால் அளக்கும்போது தலையகலத்தையும் சேர்த்து அளந்துவிடுங்கள். தந்தம் ஆணுக்கு ஆண் பெரிதும் மாறும். தலையகலம் இல்லாத தந்த அளவு ஒப்பிட உதவாது. ஆணுக்குக் கொடுக்கு கிடையாது, பயப்படாமல் பிடிக்கலாம்.