வளைகுடா எண்ணெய் பத்தின பழைய பிரிட்டிஷ் ஃபைல்களை எப்படி படிக்கறது

கல்ஃப்ல வேலை பாக்குற நம்மாளுங்க நிறைய பேரு, எண்ணெய் வர்றதுக்கு முன்னாடி இந்த ஊரெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாங்க. பதில் ஃபைல்லயே இருக்கு. கத்தார் டிஜிட்டல் லைப்ரரின்னு ஒரு தளம் 2014-லேர்ந்து இருக்கு, பிரிட்டிஷ் லைப்ரரில இருக்குற இந்தியா ஆபீஸ் (இந்தியாவ ஆள லண்டன்ல இருந்த துறை) காகிதங்கள ஒவ்வொரு பக்கமா ஸ்கேன் பண்ணி போட்டுருக்காங்க, காசு கிடையாது. ஷேக்குங்க கதை இந்தியா ஆபீஸ்ல எதுக்குன்னா, 1947 வரைக்கும் பிரிட்டிஷ்காரங்க வளைகுடாவ இந்தியா வழியாத்தான் கவனிச்சாங்க. பாரசீகக் கரைல புஷயர்ல ஒரு பொலிட்டிக்கல் ரெசிடென்ட், அதாவது வளைகுடாவுக்கே பிரிட்டிஷ் தலைமை அதிகாரி, அவருக்குக் கீழ பஹ்ரைன், குவைத், மஸ்கட்ல ஏஜென்ட்டுங்க. கத்தார் விவகாரம் பஹ்ரைன் ஏஜென்ட் கைல இருந்துச்சு.

தேடும்போது முதல் சிக்கல் ஸ்பெல்லிங். அந்தக் கால கிளார்க்குங்க கத்தார க்யூ போட்டும் எழுதுவாங்க, கே போட்டும் எழுதுவாங்க, பஹ்ரைனும் குவைத்தும் அப்படித்தான், அதனால ரெண்டு மூணு விதமா அடிச்சுப் பாருங்க. ஃபைல் நம்பர் ஆர்/15/1-னு ஆரம்பிச்சா புஷயர் ஃபைல், ஆர்/15/2 பஹ்ரைன், ஆர்/15/5 குவைத், எல்/பிஎஸ்/12 லண்டன். ஒரே கடிதம் இதுல ரெண்டு மூணுல இருக்கும். எங்கிட்ட கேட்டா பஹ்ரைன் ஃபைல முதல்ல எடுங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா ஊருக்குப் பக்கத்துல இருந்து எழுதுனது அது, லண்டனுக்குப் போறதுக்குள்ள பேச்சு ரொம்ப சுத்தமாயிடும்.

ஃபைல முன்னாடிலேர்ந்து படிக்காதீங்க. நிறைய ஃபைல்ல கடைசில ஆபீஸ் நோட்ஸ்னு சில பக்கம் இருக்கும், எந்தக் கடிதம் என்னிக்கு வந்துச்சு யாருக்குப் போச்சுன்னு வரிசையா எழுதி நடுவுல அதிகாரிங்க ஒருத்தருக்கொருத்தர் குறிப்பு போட்டுருப்பாங்க, அத முதல்ல படிச்சா மொத்தக் கதையும் பிடிபடும். பென்சில்ல வட்டம் போட்டு வலது மேல் மூலைல ஒரு நம்பர் இருக்கும், குறிச்சு வைக்க அந்த ஃபோலியோ (தாள்) நம்பர்தான். கையால எழுதுன பக்கத்துக்கு தளத்துல இருக்குற தேடல நம்பாதீங்க, கண்ணாலதான் படிக்கணும்.

இப்ப நிஜமாவே ஒண்ண எடுத்துக்குவோம், கத்தார். 1916-லயே ஷேக் அப்துல்லா பின் ஜாசிம், பிரிட்டிஷ் சம்மதம் இல்லாம யாருக்கும் சலுகை, அதாவது தொழில் உரிமை, தர மாட்டேன்னு கையெழுத்து போட்டுட்டார். 1932-ல பஹ்ரைன்ல எண்ணெய் வந்துச்சு, 1933-ல பக்கத்து சவூதில கலிஃபோர்னியா கம்பெனி உரிமை வாங்கிட்டாங்க. கத்தாரும் அமெரிக்கக் கம்பெனி கைக்குப் போயிடுமோன்னு பிரிட்டிஷ்காரங்களுக்கு பயம் வந்துச்சு. ஷேக் இத நல்லா புரிஞ்சு வச்சிருந்தார், பணம் மட்டும் பத்தாது, யாராச்சும் படையெடுத்து வந்தா காப்பாத்துவோம்னு உறுதி குடுங்கன்னு கேட்டு வாங்கினார். 1935 மே 17-ல பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியோட ஒப்பந்தம், 75 வருஷத்துக்கு. கையெழுத்துக்கு 4 லட்சம் ரூபா, டன்னுக்கு 3 ரூபா. ஆமா, நம்ம இந்திய ரூபாதான், அங்க அப்ப அதுதான் ஓடுச்சு. பஹ்ரைன் ரேட் டன்னுக்கு 3 ரூபா 8 அணா, அதையும் ஒரு தாள்ல குறிச்சு பக்கத்துல வச்சுக்கிட்டு பேரம் பேசுற கடிதங்களப் படிங்க, யாரு எதுக்கு எறங்கி வந்தாங்கன்னு தெரியும்.

அதிகாரி எழுதுற வார்த்தையோட எடையையும் பாக்கணும். ஷேக் பிடிவாதம் பண்றார்னு எழுதியிருந்தா, அவர் என்ன கேட்டார்னு தேடுங்க, பெரும்பாலும் நியாயமான கேள்வியாத்தான் இருக்கும். அவரோட அரபிக் கடிதம் சில ஃபைல்ல மொழிபெயர்ப்போட சேர்ந்தே கிடக்கு. அரபி படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் கிட்ட காட்டுங்க, ஏஜென்ட் சுருக்கி எழுதுனத மட்டும் வச்சு அவரை எடை போடாதீங்க.

அடுத்தது யுத்த வருஷங்கள், இதத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க, எனக்கு மனசு கேக்காத இடமும் இதுதான். கத்தார் மேற்குக் கரைல இருக்குற துக்கான்ல 1938-ல தோண்ட ஆரம்பிச்சு எண்ணெயும் கண்டாச்சு. 1940 அக்டோபர்ல இத்தாலி விமானங்க பஹ்ரைன் மேல குண்டு போட்டுச்சு, சேதம் பெருசா இல்ல, ஆனா பயம் உக்காந்துடுச்சு. 1942-ல துக்கான் கிணறுங்கள அடைச்சு வேலைய நிறுத்திட்டாங்க, குவைத்துலயும் அதே கதை. முத்து வியாபாரம் ஜப்பான் வளர்ப்பு முத்தாலயும் 1929 மந்தத்தாலயும் ஏற்கனவே படுத்துடுச்சு, 1937-ல ஜுபாரா (கத்தார் கரைல ரெண்டு பேரும் உரிமை கேட்ட பழைய ஊர்) தகராறுல பஹ்ரைன் கத்தாரோட வியாபாரத்தையும் தடுத்துச்சு, இதுக்கு மேல எண்ணெய் வேலையும் நின்னா ஜனங்க என்ன பண்ணுவாங்க? அதனால எண்ணெய்னு மட்டும் தேடாம அரிசி, கோதுமை, சர்க்கரை, துணி, ரேஷன்னு தேடுங்க. ஒரு மூட்டை தானியத்துக்கு எத்தனை கடிதம் போயிருக்குன்னு பாத்தா, அடைச்சு வச்ச கிணறு அந்த ஊருக்கு என்னவா இருந்துச்சுன்னு தெரியும்.

1947-க்கு அப்புறம் பொறுப்பு லண்டன் வெளியுறவு அலுவலகத்துக்குப் போயிடுச்சு, அந்தக் காகிதங்க லண்டன் பக்கம் க்யூங்கிற (Kew) ஊர்ல இருக்குற பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்துல எஃப்ஓ 371 வரிசைல இருக்கு. கத்தார் கதை முடியறது அங்கதான். 1949 ஆகஸ்ட்ல ஷேக் அப்துல்லா பதவிய மகன் அலிகிட்ட குடுத்துட்டு விலகினார், முதல் எண்ணெய்க் கப்பல் கிளம்புனது அதே வருஷம் டிசம்பர் 31.