மல்லிகையைக் கலப்பதற்கு முன் குரோமோசோமை எண்ணும் முறை

மதுரையைச் சுற்றி மல்லிகை வளர்ப்போரில் சிலர், புது வகை ஒன்றை உருவாக்கும் ஆசையில் மாலைதோறும் மகரந்தம் தடவியும் ஒரு காய்கூடப் பிடிக்காமல் சோர்ந்துபோகிறார்கள். குறை பெரும்பாலும் கைப்பக்குவத்தில் இல்லை. செடியின் செல்களில் மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

மல்லிகைப் பேரினத்தின் அடிப்படை எண், அதாவது ஒரு தொகுதியில் உள்ள குரோமோசோம்களின் எண்ணிக்கை, 13. முல்லையும் பிச்சியும் 26 கொண்ட இருமடியங்கள் (இரு தொகுதி உள்ளவை). குண்டுமல்லியிலோ 26 உள்ள செடிகளோடு 39 உள்ள மும்மடியங்களும் (மூன்று தொகுதி உள்ளவை) உண்டு. தொகுதிகள் மூன்றாகும்போது, இனச்செல் உருவாகையில் இரண்டு இணைசேர மூன்றாவது துணையற்று நிற்பதால், பங்கீடு குலைந்து மகரந்தமும் சூலும் பழுதாகின்றன.

ஆகவே முதலில் மகரந்தத்தைச் சோதியுங்கள். அன்று மலர்ந்த பூவின் மகரந்தப்பையை அசிட்டோகார்மின் என்ற சிவப்புச் சாயத்தின் ஒரு சொட்டில் நசுக்கிச் சில நிமிடம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், நல்ல மணிகள் பருத்துச் சிவந்தும், மலட்டு மணிகள் சுருங்கி வெளிறியும் தெரியும். பெரும்பாலானவை வெளிறியிருந்தால் அச்செடியைத் தந்தையாகக் கொள்ளாதீர்கள்.

உறுதியான எண்ணிக்கைக்கு வேர்நுனிதான் வேண்டும். மணலில் வேர்விட்ட பதியனின் இளநுனிகளைக் காலையில் வெட்டி, செல் பிரிவை இடையில் நிறுத்தும் ஹைட்ராக்ஸிகுயினோலின் கரைசலில் சில மணிநேரம் வைத்து, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் ஒருநாள் ஊறவிடவும். பின்னர் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரி செல்சியஸில் மென்மையாக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டுக்கடியில் நசுக்கவும். மல்லிகையின் குரோமோசோம்கள் மிகச் சிறியவை என்பதால் எண்ணெய் வில்லை (எண்ணெய்ச் சொட்டில் தோய்த்துப் பார்க்கும் உயர் உருப்பெருக்க நுண்ணோக்கி வில்லை) இல்லாமல் எண்ண முயல்வது வீண். அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையின் உதவியை நாடுவதே நல்லது. ஒரு செல்லை மட்டும் நம்பாமல் பத்தையாவது எண்ணுங்கள்.

இரட்டைப்படை எண் என்றாலே செடி வளமானது, அதாவது விதை பிடிப்பது, என்று நினைத்துவிடக் கூடாது. குளிர்நாட்டு ஐரிஸ் பூவில் 48 கொண்ட நெட்டை வகையையும் 32 கொண்ட குட்டை இனத்தையும் கலந்தால் 40 கொண்ட வளமான செடி கிடைக்கிறது. ஏனெனில் ஒருபுறமிருந்து 12-இன் இரு தொகுதிகளும் மறுபுறமிருந்து 8-இன் இரு தொகுதிகளும் வந்து தமக்குள் இணைகின்றன. அதையே மீண்டும் 48-உடன் கலந்தால் பிறக்கும் 44 பெரும்பாலும் மலடு. அங்கே 12-இன் தொகுதி மூன்றாகவும் 8-இன் தொகுதி ஒன்றாகவும் நின்றுவிடுகின்றன.

காய்பிடிக்கும் முல்லையைத் தாயாகக் கொள்வதே என் பரிந்துரை. இரு மகரந்தத்தாள்களும் அல்லிக்குழலில் ஒட்டியிருப்பதால், மாலையில் விரியவிருக்கும் மொட்டின் குழலைப் பிற்பகலிலேயே கீறி உருவினால் அவையும் சேர்ந்து வந்துவிடும். சூலகமுடியில் மகரந்தம் தடவி, உறையிட்டு, பெயரட்டை கட்டுங்கள். கனி கறுத்ததும் விதையை உலரவிடாமல் உடனே ஊன்றவும். பிறக்கும் நாற்று மும்மடியமாகவே இருந்தாலும், பூ நன்றாக இருந்தால் பிடுங்கிவிடாதீர்கள். நம் மல்லிகை விதையால் அல்ல, இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்துப் பதியன்களால்தான் தோட்டம்தோறும் பரவியிருக்கிறது.