கடிகாரக் கண்ணாடியின் உட்புறம் படிந்த மங்கல்

அப்பா விட்டுச்சென்ற கைக்கடிகாரத்தின் கண்ணாடியில் உட்புறமாக மங்கல் படிந்தபோது, ஈரம்தான் புகுந்துவிட்டது என்று எண்ணி, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் இரண்டு நாள் மூடி வைத்தேன். மங்கல் அப்படியே இருந்தது. உள்ளே ஈரம் மிகுந்திருந்தால், குளிர்ந்த துணியைக் கண்ணாடியின் மேல் சிறிது நேரம் வைத்ததும் பனிபோல் பூத்து, பிறகு மெல்ல மறையும். இதில் அப்படி எதுவும் பூக்கவில்லை. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தபோது, விளிம்பில் அடர்ந்து நடுவில் மெலிந்த எண்ணெய்ப் படலம் ஒன்று தெரிந்தது.

பின்மூடியைத் திறந்ததும் காரணம் புரிந்தது: மூடியின் இடுக்கில் நீர் புகாமல் தடுக்கும் பழைய ரப்பர் வளையம் இளகி, தார்போல் பிசுபிசுத்து, தொட்டுப் பார்த்த குச்சியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதிலிருந்து கசிந்த ஆவியே கண்ணாடியில் படிந்திருக்க வேண்டும்.

பழுதுபார்ப்பவர் இயந்திரத்தை வெளியே எடுத்துக் கொடுக்க, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால் கண்ணாடியின் உட்புறத்தை நானே துடைத்தேன். இது மினரல் கிளாஸ், அதாவது உண்மையான கண்ணாடி என்பதால் துணிந்தேன். அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் கண்ணாடியில் ஆல்கஹால் நுண்விரிசல்களை உண்டாக்கக்கூடும், அதற்குச் சோப்புத் தண்ணீரே நல்லது. வளையம் அமரும் பள்ளத்தில் ஒட்டியிருந்த பிசினை முழுவதும் நீக்கி, சிலிகான் கிரீஸ் மெலிதாகத் தடவிய புதிய வளையத்தைப் பொருத்தினோம். ஆறு மாதமாகக் கண்ணாடி தெளிவாக இருக்கிறது.