ஜோடி நடனம்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை மிதிப்பது, எண்ணிக்கை விட்டுப்போவது, குனிந்து பாதத்தையே பார்ப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஆட ஆட அவை தானாகப் போய்விடும். தானாகப் போகாதவை சில உண்டு. தொடக்கத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைப் புதியவர்களும் வரிசை மாறாமல் செய்வதை ஒவ்வொரு சோஷியலிலும், அதாவது எல்லோரும் கூடி ஆடும் நடன மாலையிலும், பார்க்கிறேன்.

பெயரை மட்டும் கேட்டு வகுப்பில் சேர்வது

டாங்கோ கற்க வேண்டும் என்று வருபவரிடம் எந்த டாங்கோ என்றுதான் முதலில் கேட்பேன். அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில், மிலோங்கா எனப்படும் டாங்கோ கூடல்களில் ஆடுவது அர்ஜென்டீன டாங்கோ; நெருங்கி அணைத்து, நடந்து, இசைக்கேற்ப அப்போதைக்கப்போது அமைத்துக்கொள்ளும் ஆட்டம். பால்ரூம் போட்டியில் வரும் டாங்கோவோ வெடுக்கென்று தலை திருப்பும் வேறொரு நடனம். வால்ட்ஸிலும் இதே குழப்பம் உண்டு. சாதாரண வால்ட்ஸ், வியன்னீஸ் வால்ட்ஸ் இரண்டுமே மூன்று தட்டுதான். ஆனால் போட்டி அளவில் சாதாரண வால்ட்ஸ் நிமிடத்துக்கு 28 முதல் 30 பார் (மூன்று தட்டு சேர்ந்தது ஒரு பார்), வியன்னீஸ் வால்ட்ஸ் 58 முதல் 60. மெதுவான நடனம் என்று நம்பி வியன்னீஸ் வகுப்பில் நுழைந்தவர் முதல் நாளே தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார். சேரும் முன் அந்தந்த இசையைச் சில நாள் கேளுங்கள். எது உங்கள் காலை அசைக்கிறதோ அதில் சேருங்கள்.

கையால் இழுப்பது

எத்தனை வருடமானாலும் இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு சோஷியலில், ஒரு சுற்று சுற்ற வேண்டிய இடத்தில் ஒருவர் என்னை இரண்டு சுற்று சுற்றவைக்கப் பார்த்தார். என் வலது கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். உடம்பு சுழன்றது, மணிக்கட்டு சுழலவில்லை. திருகல் முழுக்கத் தோளில் இறங்கியது. அப்புறம் பல வாரம் அந்தக் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. அவருக்கு நடந்தது தெரியவே இல்லை. பாட்டு முடிந்ததும் அடுத்தவரை ஆட அழைக்கப் போய்விட்டார்.

இழுப்பவர்கள் எல்லோரும் முரடர்கள் அல்ல. பெரும்பாலும் உடம்பு தாமதமாகிறது, அதைக் கை ஈடுகட்டப் பார்க்கிறது. சால்சாவில் பார்ட்னரைக் குறுக்கே மறுபக்கம் கடக்கவைக்கும் கிராஸ் பாடி லீடை எடுத்துக்கொள்ளுங்கள். லீட் செய்பவர், அதாவது ஆட்டத்தை வழிநடத்துபவர், எட்டு எண்ணிக்கையில் 1-இல் இடது காலை முன்வைத்து, 2, 3-க்குள் இடப்பக்கம் திரும்பி வழியை விட்டு விலகிவிட வேண்டும். கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பது போலத்தான். 5, 6, 7-இல் பார்ட்னர் தானே நடந்து கடப்பார். 3-இல் விலகாதவர் பாதையிலேயே நிற்கிறார். 5 வந்ததும் பதறி இழுக்கிறார். பார்ட்னரைச் சுற்றவைப்பதிலும் இதே கதை. 3-இல் கை உயர்ந்திருந்தால் 5-இல் பார்ட்னர் தன் காலில் சுற்றிக்கொள்வார். உங்கள் கை அவர் உச்சந்தலைக்கு மேல் சின்ன வட்டம் போட்டால் போதும். விரல்கள் கொக்கியாக இருக்கட்டும், கட்டைவிரல் விலகியே இருக்கட்டும்.

மற்ற நடனங்களிலும் செய்தி உடம்பிலிருந்துதான் போகிறது. வால்ட்ஸில் லீட் செய்பவரின் வலது கை பார்ட்னரின் இடது தோள்பட்டை எலும்பின் மேல் சும்மா இருக்கும். திசையைச் சொல்வது அவர் உடலின் நகர்வு. அர்ஜென்டீன டாங்கோவில் மார்பு சொல்லும். இதைப் பழக ஒரு வழி உண்டு: இருவர் உள்ளங்கைகளுக்கும் நடுவே ஒரு தாளை வைத்துக்கொண்டு அடிப்படை ஸ்டெப்பை ஆடுங்கள். தாள் விழுந்தாலும் கசங்கினாலும் நின்று, மறுபடி தொடங்குங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். புதிய பேட்டர்ன் கேட்டு வரும் மாணவர்கள் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், அடுத்தவர் தோள் எனக்கு அதைவிட முக்கியம்.

ஃபாலோ செய்பவர்களுக்கும், அதாவது லீடைப் பின்பற்றி ஆடுபவர்களுக்கும், ஒன்று. கையைத் துவள விட்டால் எந்த லீடும் வந்து சேராது. லேசான விசையோடு வையுங்கள். வலித்தால் உடனே கையை உருவிக்கொள்ளுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கேட்காமல் பின்னால் சாய்ப்பது

கூடவே கூடாது.

ஆடும்போதே பாடம் எடுப்பது

கேட்டால் மட்டும். அதுவும் பாட்டு முடிந்த பிறகு.

திசை பார்க்காமல் ஆடுவது

வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப், இருவகை டாங்கோ எல்லாம் அரங்கைச் சுற்றி நகர்பவை. எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போவார்கள். நீங்கள் மட்டும் எதிரே வந்தால் முழங்கையும் ஹீல்ஸும் மோதும். சால்சா, பச்சாட்டா, சா-சா-சா, ரம்பா இருந்த இடத்திலேயே ஆடப்படுபவை. ஆட்கள் நகரும் ஓரத்தை அடைக்காமல் நடுவில் ஆடுங்கள்.

ரப்பர் அடி ஷூ

பாதம் ஒட்டிக்கொள்ளும், முழங்கால் திருகும். நடன ஷூ வாங்கும்வரை, பழைய ஷூவின் அடியில் செருப்பு தைப்பவரிடம் ஸ்வேட் தோல் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் மட்டும் நடக்காதீர்கள்.