4294967297: பேனாவும் பைத்தானும் வைத்து உடைப்பது எப்படி?

2-ஐ 32 முறை பெருக்கி, 1 கூட்டினால் வரும் எண் இது. நானூற்று இருபத்தொன்பது கோடிச் சொச்சம். பகா எண்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற கணிதர் நம்பினார். 2-ஐ 1, 2, 4, 8, 16 முறை பெருக்கி 1 கூட்டினால் இதே வரிசையில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாமே பகா எண்கள், ஆகவே நம்பியதில் ஆச்சரியமில்லை. 1732-இல் ஆய்லர் என்ற கணிதர் இதைக் காரணிகளாக உடைத்துக் காட்டினார்.

படி 1: பைத்தான் நிரல்மொழியைத் திறந்து எண்ணை வரவழையுங்கள். ஒரு சாயங்காலம் முழுக்க நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். 2^32+1 என்று அடித்தேன், 35 வந்தது. 'காரணிகள் 5, 7' என்று நோட்டில் எழுதியும்விட்டேன்! பைத்தானில் ^ அடுக்குக்குறி இல்லை, பிட்டுகளோடு (0, 1 இலக்கங்களோடு) விளையாடும் வேறொரு குறி. போதாக்குறைக்கு 32+1 முதலில் கூட்டப்பட்டுவிடும். பிழைச்செய்தியும் வராது. 2**32+1 என்று அடியுங்கள்.

படி 2: எதால் வகுப்பது? வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வரும். அதற்குள் 6542 பகா எண்கள். அத்தனையையும் பார்க்க வேண்டியதில்லை. இந்த எண்ணின் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்பது ஆய்லரின் கண்டுபிடிப்பு. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவதிலேயே சிக்கிவிடுகிறது.

படி 3: 641-ஐ மட்டும் கையால் போட்டுப் பாருங்கள், கால்குலேட்டர் வேண்டாம். 256-இன் வர்க்கம் 65536. அதை 641-ஆல் வகுத்தால் மீதி 154. 65536-இன் வர்க்கம்தான் 2-இன் 32-ஆம் அடுக்கு, ஆகவே மீதியை மட்டும் வர்க்கமாக்கினால் போதும்: 154-இன் வர்க்கம் 23716. 641 × 37 = 23717. ஒன்றே ஒன்று குறைகிறது, இல்லையா? நம் எண்ணில் கடைசியாகக் கூட்டிய அந்த 1 அதைச் சரிக்கட்டிவிடுகிறது. மீதி 0. பத்து இலக்க எண்ணைத் தொடவே இல்லை!

பைத்தானில் சரிபார்க்க, மீதியைத் தரும் % குறியைப் போடுங்கள். / போட்டால் தசமப்புள்ளியோடு வரும், பெரிய எண்களில் அதை நம்பாதீர்கள்.

படி 4: ஈவு 6700417. இதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். இதற்கும் அதே 64 விதி பொருந்தும், ஆக நாற்பது எண்களைச் சோதித்தால் போதும். எதுவும் வகுக்காது. பகா எண்.

இனி மற்றதெல்லாம் சுலபம். வகுத்திகள் நான்கு: 1, 641, 6700417, அந்த எண்ணே. அவற்றின் கூடுதல் 642 × 6700418 = 4301668356.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃபேக்டர் என்ற கட்டளை நொடியில் விடை சொல்லும். முதல்முறை அதைத் தொடாதீர்கள் என்பேன், படி 3-இன் சுகம் போய்விடும்.

பின்சேர்க்கை: சி மொழியில் எழுதிய ஒரு வாசகருக்கு எண்ணே 1 என்று வந்ததாம். நிரலில் தப்பில்லை. 32 பிட் பெட்டியில் 4294967295 வரைதான் கொள்ளும். அடுத்தது 0, அதற்கடுத்தது 1. 64 பிட் வகைக்கு மாற்றச் சொன்னேன், சரியாகிவிட்டது.