நியூயார்க்கில் ஒன்பதாம் வகுப்பு: நுழைவுத் தேர்வுப் பள்ளியா, வட்டாரப் பள்ளியா?

எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு நியூயார்க் வந்து சேரும் குடும்பத்தைப் பிளஷிங் பிள்ளையார் கோவிலில் பார்க்கும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது, ‘ஸ்டைவசன்ட்டுக்குத் தயார் செய்கிறீர்களா?’ என்பதைத்தான். நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் புகழ்பெற்ற அரசுப் பள்ளி அது. அக்கறையோடு கேட்கப்படும் இந்தக் கேள்வி, மற்ற பள்ளிகளெல்லாம் இரண்டாந்தரம் என்ற எண்ணத்தையும் கூடவே விதைத்துவிடுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் தொடங்கும் ‘சிறப்பு உயர்நிலைப் பள்ளிகள்’ நகரில் ஒன்பது இருக்கின்றன. அவற்றில் லகார்டியா கலைப் பள்ளி, பிள்ளைகளின் கலைத்திறனை நேரில் சோதித்தும் மதிப்பெண்களைப் பார்த்தும் சேர்க்கிறது. ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் உள்ளிட்ட மற்ற எட்டிலும் எஸ்.எச்.எஸ்.ஏ.டி. என்னும் நுழைவுத் தேர்வு மட்டுமே கணக்கு. 1971இல் மாநிலம் இயற்றிய சட்டம் இந்தத் தேர்வு முறைக்கு அடிப்படையாக இருப்பதால், பள்ளி மதிப்பெண்ணோ ஆசிரியரின் பரிந்துரையோ இங்கே செல்லாது. ஆங்கிலமும் கணிதமுமாக மூன்று மணி நேரம் நடக்கும் இத்தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கட் ஆஃப் எதுவும் இல்லை. பிள்ளையின் மதிப்பெண்ணும், விருப்பப்படி பள்ளிகளை வரிசைப்படுத்திய முறையும் சேர்ந்தே இடத்தை முடிவு செய்கின்றன.

வட்டாரப் பள்ளி என்பது, உங்கள் வீட்டு முகவரிக்கு முன்னுரிமை தரும் பள்ளி. நகரின் குவீன்ஸ் பகுதியில் பிரான்சிஸ் லூயிஸ், பேசைட், கார்டோசோ ஆகியவை அப்படிப்பட்டவை. கல்லூரிப் பாடத்துக்கு இணையான ஏ.பி. வகுப்புகள் இவற்றிலும் உண்டு. ஆங்கிலம் இன்னும் சரளமாகாத பிள்ளைக்கான வகுப்புகளும் உண்டு. எல்லாப் பகுதிகளுக்கும் வட்டாரப் பள்ளி கிடையாது என்பதால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே அந்த முகவரியைச் சரிபார்த்துவிடுங்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது தரப்படும் வீட்டுமொழிப் படிவத்தில், பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து பல பெற்றோர் ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறீர்கள் என்றால் தமிழ் என்றே எழுதுங்கள். அதன் பிறகு பிள்ளையோடு பேசிப் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு தேர்வும் வைத்துத்தான் ஆங்கிலம் கற்பவரா என்று முடிவு செய்வார்கள். அப்படி முடிவானால், எஸ்.எச்.எஸ்.ஏ.டி.யில் கூடுதல் நேரம் கிடைக்கும். பயத்தில் எழுதிய ஒரு சொல் அந்த உரிமையைப் பறித்துவிடக்கூடும்.

தேர்வு எழுத வைப்பதில் தவறில்லை. அதை நம்பி, மற்ற பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும்போது கொடுக்கும் விருப்பப் பட்டியலை ஏனோதானோவென்று நிரப்புவதுதான் தவறு. ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டே பத்தாம் வகுப்பு இடத்துக்கும் இதே தேர்வை எழுதலாம், ஆனால் இடங்கள் மிகக் குறைவு.

பயணத்தையும் எண்ணிப் பாருங்கள். கிழக்கு குவீன்ஸிலிருந்து பிராங்ஸ் பகுதியில் உள்ள பள்ளிக்குப் போகும் ஒரு பையனை எனக்குத் தெரியும்: விடியுமுன் எழுந்து, பேருந்து ஏறி, பிறகு ரயில் மாறி, நின்றுகொண்டே வீட்டுப்பாடம் படிப்பான், மாலையில் சோறு பிசைந்த கையோடு தூங்கிவிழுவான். ஆகவே பட்டியலை அனுப்புவதற்கு முன், ஒரு வேலைநாளில் காலை ஆறரை மணிக்குப் பிள்ளையோடு நீங்களும் கிளம்பி, அந்தப் பள்ளியின் வாசல் வரை ஒருமுறை போய் வாருங்கள்.